ஆறாம் எண் நகர்ந்த பாதை: அட்லாண்டா புறநகர்த் தொகுதி ஒன்றின் நிலமும் தேர்தலும்

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் ஜார்ஜியா மாநிலத்துக்கு 14 இடங்கள் உண்டு. அவற்றில் ஆறாவது தொகுதி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். 1950களில் அது மாநிலத்தின் நடுப்பகுதியில், மில்லட்ஜ்வில் ஊரைச் சுற்றி இருந்தது. 1980களில் அட்லாண்டாவின் தென்மேற்கே அலபாமா எல்லைவரை பரவியிருந்தது. 1992இல் நகரின் வடக்குப் புறநகர்களுக்கு ஏறியது. 2022இல் இன்னும் வடக்கே போய் மலையடிவாரத்தைத் தொட்டது. 2024 தேர்தலில் மறுபடி தெற்கே இறங்கி, நகரின் மேற்குப் பக்கம் வந்து நின்றது.

இந்த எழுபது ஆண்டு அலைச்சலில் இரண்டு இயக்கங்கள் பின்னிக் கிடக்கின்றன. மக்கள் குடிபெயர்ந்தார்கள், அது ஒன்று. கோடு வரைபவர்கள் கோட்டை நகர்த்தினார்கள், அது மற்றொன்று. அமெரிக்கப் புறநகர் அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பேசுகிறார்கள்: படித்தவர்கள் கட்சி மாறினார்கள், குடியேறிகள் பெருகினார்கள், அதனால் முடிவு மாறியது என்கிறார்கள். ஆறாம் தொகுதியின் வரலாற்றை முழுதாக அடுக்கிப் பார்த்தால், மக்கள் எடுத்த முடிவைக் கோடு திருத்தி எழுதிய தருணங்கள் குறைந்தது இரண்டு தெரிகின்றன. ஒன்றை ஜனநாயகக் கட்சி செய்தது. மற்றொன்றைக் குடியரசுக் கட்சி செய்தது.

ஆறும் நெடுஞ்சாலையும்

அட்லாண்டாவின் வடமேற்கே சட்டஹூச்சி ஆறு ஓடுகிறது. 1830கள்வரை அந்த ஆற்றுக்கு அப்பால் செரோக்கி மக்களின் நிலம். 1832இல் மாநில அரசு அந்த நிலத்தைக் குலுக்கல் முறையில் வெள்ளையருக்குப் பகிர்ந்து கொடுத்தது. காப், ஃபோர்சைத் ஆகிய கவுன்ட்டிகள் அதே ஆண்டில் அந்த நிலத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. 1838இல் செரோக்கியர்கள் படைபலத்தால் மேற்கே விரட்டப்பட்டார்கள். இன்று புல்வெளி வீடுகள் வரிசைகட்டி நிற்கும் இந்தப் பகுதியின் முதல் எல்லைக்கோடே ஒரு வெளியேற்றத்தின் கோடு. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இது கடைசி வெளியேற்றமாக இருக்கவில்லை. 1912இல் ஃபோர்சைத் கவுன்ட்டியில் வாழ்ந்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 1,100 பேரையும் வெள்ளைக் கும்பல்கள் அடித்துத் துரத்தின. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கறுப்பினத்தவர் எவரும் வாழவில்லை என்று சொல்லிவிடலாம். 1987இல் கறுப்பினத்தவரின் உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் பேரணி போனபோது கற்களும் புட்டிகளும் பறந்தன.

ரோஸ்வெல், ஆல்ஃபரெட்டா, மரியெட்டா போன்ற ஊர்கள் அன்று பருத்தி ஆலையும் சந்தையும் கொண்ட சிறு ஊர்கள். 1857இல் உருவான மில்டன் என்ற சின்னக் கவுன்ட்டி பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போய் 1932இல் அட்லாண்டாவைக் கொண்ட ஃபுல்ட்டன் கவுன்ட்டியோடு இணைந்தது. வடக்கு ஃபுல்ட்டன்காரர்களுக்கு இந்த இணைப்பு பிற்காலத்தில் ஒரு மனக்குறையாகவே இருந்தது. பழைய மில்டன் கவுன்ட்டியை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை இந்த நூற்றாண்டிலும் எழுந்தது.

புறநகரை உண்மையில் உருவாக்கியவை போரும் சாலையும். இரண்டாம் உலகப் போரின்போது மரியெட்டாவில் எழுந்த பெல் ஆலை பி-29 குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. 1951 முதல் அதே வளாகத்தில் லாக்ஹீட் நிறுவனம் விமானம் கட்டத் தொடங்கியது. காப் கவுன்ட்டியின் மக்கள்தொகை 1960இல் 1,14,174, 1990இல் 4,47,745, 2020இல் 7,66,149. அட்லாண்டாவைச் சுற்றி வளைக்கும் 285ஆம் எண் நெடுஞ்சாலை 1969இல் முழுமையடைந்தது. அதிலிருந்து வடக்கே கிளம்பும் ஜார்ஜியா 400 சாலைதான் சாண்டி ஸ்பிரிங்ஸ், ரோஸ்வெல், ஆல்ஃபரெட்டா, கம்மிங் என்று ஊர்களை ஒரே சரட்டில் கோத்தது.

இதே காலத்தில் அட்லாண்டாவின் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டப்படி முடிவுக்கு வந்தது. வெள்ளையர் பெருந்தொகையாக நகரைவிட்டு வெளியேறினார்கள். இப்படி எழுந்த இன வேலியின் தடம் போக்குவரத்து வரைபடத்தில் இன்றும் தெரிகிறது. மார்ட்டா என்ற பொதுப் போக்குவரத்து அமைப்பில் சேர 1965இல் காப் கவுன்ட்டி மக்கள் மறுத்து வாக்களித்தார்கள். 1971இல் குவினெட், கிளேட்டன் கவுன்ட்டிகள் மிகப் பெரிய வித்தியாசத்தில் மறுத்தன. வரி ஏறும் என்பது வெளியே சொன்ன காரணம். ரயில் ஏறி யார் வருவார்கள் என்ற இனப் பயமும் அதில் கலந்திருந்தது என்பதை அந்நகர வரலாற்றாசிரியர்கள் நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். காப் கவுன்ட்டி இன்றுவரை மார்ட்டாவில் சேரவில்லை.

கூட்டாட்சி அரசின் ராணுவ ஒப்பந்தங்களால் வளர்ந்த ஒரு நிலம் சிறிய அரசாங்கத்தைப் போற்றும் அரசியலின் கோட்டையானது. இந்த முரண் ஆறாம் தொகுதியின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு

புறநகருக்கென்று தொகுதி கிடைத்ததே நீதிமன்றத்தால்தான். ஜார்ஜியாவில் நெடுங்காலம் கிராமக் கவுன்ட்டிகளே அரசியலை ஆண்டன. அட்லாண்டாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்ட ஐந்தாம் தொகுதியில் 8,23,680 பேர் வாழ்ந்தார்கள். மலைப்பகுதியின் ஒன்பதாம் தொகுதியில் 2,72,154 பேர்தான். இரண்டுக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி. மாநிலச் சராசரி 3,94,312. ஐந்தாம் தொகுதி வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். 1964 பிப்ரவரியில் வெஸ்பெரி எதிர் சாண்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தின் தொகுதிகள் மக்கள்தொகையில் கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் தொகுதி வரைபடங்கள் மாறியதற்கு அட்லாண்டாவில் பிறந்த அந்த வழக்கே காரணம்.

சமமாக இருக்க வேண்டும் என்றால், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் கோடுகளைத் திருத்த வேண்டும். திருத்துபவர் யார்? இந்தியாவில் இதற்கென்று தனி ஆணையம் அமைக்கப்படுகிறது. ஜார்ஜியாவில் அது மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. ஆளுநர் கையெழுத்திட்டால் சட்டம். சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சியே தன் எதிரிகளின் தொகுதியையும் வரைகிறது. வெஸ்பெரி தீர்ப்பு அநீதியின் ஒரு வடிவத்தை ஒழித்தது. ஆனால் எல்லாத் தொகுதிகளையும் சம எடையில் வைத்துக்கொண்டே விரும்பிய முடிவை வரவழைக்கும் கலைக்கு அது தடை போடவில்லை.

1933 முதல் 1965வரை ஆறாம் எண்ணைச் சுமந்தவர் கார்ல் வின்சன். கடற்படை வளர்ச்சியோடு பெயர் சேர்ந்துவிட்ட ஜனநாயகக் கட்சிக்காரர். அவருடைய ஆறாம் தொகுதி நடு ஜார்ஜியா. அவருக்குப் பின் அந்த எண் தென்மேற்கு நோக்கிப் போய் ஜான் ஃபிளின்ட் கையில் இருந்தது. இந்தத் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியை இன்றைய ஜனநாயகக் கட்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பழமைவாதக் கட்சி, இனச் சமத்துவத்தை எதிர்த்த கட்சி. கரோல்ட்டன் ஊரின் மேற்கு ஜார்ஜியாக் கல்லூரியில் வரலாறு கற்பித்த நியூட் கிங்ரிச் என்ற இளைஞர் 1974இலும் 1976இலும் ஃபிளின்ட்டிடம் தோற்றார். ஃபிளின்ட் ஓய்வு பெற்றதும் 1978இல் வென்றார்.

மர்ஃபி வரைந்த கோடு

ஜார்ஜியா சட்டமன்றத்தின் சபாநாயகராக 1973 முதல் முப்பது ஆண்டுகள் இருந்தவர் டாம் மர்ஃபி. மேற்கு ஜார்ஜியாவின் பிரெமன் ஊர்க்காரர். கிங்ரிச்சை அவருக்குத் துளியும் பிடிக்காது. 1980களின் இறுதியில் ஜார்ஜியாவிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குப் போன பத்துப் பேரில் குடியரசுக் கட்சிக்காரர் கிங்ரிச் ஒருவர்தான். 1990 தேர்தலில் அவரும் விழுந்திருக்க வேண்டியவர். ஈஸ்டர்ன் விமான நிறுவன வேலைநிறுத்தத்தில் அவர் தலையிட மறுத்ததால் விமான நிலையத் தொழிலாளர்கள் கோபமாக இருந்தார்கள். வெறும் 974 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார்.

1990 கணக்கெடுப்பு ஜார்ஜியாவுக்குப் பதினோராவது இடத்தைத் தந்தது. ஜனநாயகக் கட்சிச் சட்டமன்றம் கிங்ரிச்சின் தொகுதியை உடைத்து அண்டைத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டது. அவர் வீடு இருந்த கரோல்ட்டன், கொலம்பஸ் நகரை மையமாகக் கொண்ட மூன்றாம் தொகுதிக்குப் போனது. அங்கே ரிச்சர்ட் ரே என்ற பலமான ஜனநாயகக் கட்சி உறுப்பினர் இருந்தார். ஆறு என்ற எண், வடக்கே காப், ஃபுல்ட்டன் பகுதிகளில் குடியரசுக் கட்சிக்காரர்களைத் திரட்டிக் கட்டிய ஒரு புதிய தொகுதிக்குக் கொடுக்கப்பட்டது. எதிரியின் வாக்காளர்களை ஒரே இடத்தில் குவித்துவிட்டால் மற்ற இடங்கள் பத்திரமாக இருக்கும் என்பது கணக்கு. அதேநேரம், வாக்குரிமைச் சட்டப்படி கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதிகளைக் கூட்ட வேண்டும் என்று மத்திய அரசின் நீதி அமைச்சகம் அழுத்தம் கொடுத்ததால், நம்பகமான ஜனநாயக வாக்குகளும் சில தொகுதிகளில் குவிந்தன.

கிங்ரிச் கரோல்ட்டன் வீட்டை விற்றுவிட்டு மரியெட்டாவுக்குக் குடிபோனார். தான் ஒருநாளும் பிரதிநிதியாக இருந்திராத மண். உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்ற ஹெர்மன் கிளார்க், இவர் வெளியூர்க்காரர் என்று முழங்கினார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு கிங்ரிச் 980 வாக்கில் வென்றார். பொதுத்தேர்தல் அதைவிட எளிதாக இருந்தது. மூன்றாம் தொகுதியில் ரிச்சர்ட் ரேயும் தோற்றார். 1992இல் ஜார்ஜியாவின் குழு ஜனநாயகக் கட்சி 7, குடியரசுக் கட்சி 4 என்றானது. 1994இல் அப்படியே தலைகீழாக 4க்கு 7. அடுத்த ஆண்டு ஒருவர் கட்சி மாறியதும் 3க்கு 8. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவையைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சியின் சபாநாயகராக 1995 ஜனவரியில் பதவியேற்றவர் ஆறாம் தொகுதி உறுப்பினர்.

ஒரு மனிதரை ஒழிக்க வரைந்த கோடு அவருக்கு நாட்டிலேயே பாதுகாப்பான மேடைகளில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. தென்மேற்கு ஆறாம் தொகுதியில் 1990இல் மயிரிழையில் தப்பியவர், வடக்கு ஆறாம் தொகுதியில் உள்ளூரைப் பற்றிக் கவலைப்படாமல் நாடெங்கும் பிரச்சாரம் செய்ய முடிந்தது. 1994 வெற்றியின் காரணங்களில் இந்த இடமாற்றத்துக்குப் போதிய கவனம் கிடைத்ததில்லை என்பது என் எண்ணம்.

1998 தேர்தல் பின்னடைவுக்குப் பின் கிங்ரிச் விலகினார். அடுத்து வந்தவர்கள் அந்தப் புறநகரின் உருவத்தையே கொண்டவர்கள். 1999 பிப்ரவரி இடைத்தேர்தலில் வென்ற ஜானி ஐசக்சன் வீடு, மனை வணிகத்தில் வளர்ந்தவர், மிதவாதி. அவர் செனட்டுக்குப் போக, 2004இல் ரோஸ்வெல்லின் எலும்பு அறுவை மருத்துவர் டாம் பிரைஸ் வந்தார். இருவர் காலத்திலும் தேர்தல் ஒரு சடங்காகவே நடந்தது.

கீழே மண் மாறிக்கொண்டிருந்தது

அந்தச் சடங்கின் மறைவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, 2005இல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சி வசம் வந்ததும், வடக்குப் புறநகர்கள் தனி நகரங்களாக அறிவித்துக்கொள்ளத் தொடங்கின. சாண்டி ஸ்பிரிங்ஸ் வாக்காளர்களில் 94 விழுக்காட்டினர் அதற்கு ஆதரவளித்தார்கள். அடுத்த ஆண்டு ஜான்ஸ் கிரீக்கும் மில்டனும், 2008இல் டன்வுடியும், 2012இல் புரூக்ஹேவனும் பின்தொடர்ந்தன. தங்கள் வரிப்பணம் தெற்கே போகிறது என்பது இவர்களின் புகார். தெற்கே இருந்த கறுப்பின மக்களோ, வருவாய் தரும் பகுதிகள் கழன்று போகின்றன என்று கண்டார்கள். இதுவும் ஒரு வகைக் கோடு வரைதல்.

மற்றொன்று, வெள்ளையர் ஓடிவந்த அந்த வேலிக்குள் உலகமே வந்து குடியேறியது. டிகாப் கவுன்ட்டியின் வடக்கே பியூஃபர்ட் நெடுஞ்சாலையை ஒட்டி மெக்சிகோ, வியட்நாம், கொரியக் கடைகள் முளைத்தன. ஆல்ஃபரெட்டாவின் மென்பொருள் அலுவலகங்கள் இந்தியர்களை இழுத்தன. ஜான்ஸ் கிரீக் மக்களில் நாலில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். ஃபோர்சைத் கவுன்ட்டியில், கறுப்பினத்தவரை விரட்டிய அதே மண்ணில், 1990இல் 44,083 பேர் வாழ்ந்தார்கள். 2020இல் 2,51,283 பேர், அவர்களில் சுமார் 18 விழுக்காடு ஆசியர். ஆல்ஃபரெட்டாவிலும் கம்மிங்கிலும் வார இறுதியில் தமிழ்ப்பள்ளி நடக்கிறது, பொங்கல் விழா நடக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. தொகுதியின் மக்கள்தொகையை எண்ணும்போது குடியுரிமை பார்ப்பதில்லை. வேலை விசாவில் வந்தவரும் பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவரும் எண்ணப்படுகிறார்கள். வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். ஆகவே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரு தமிழ்க் குடும்பம் அந்தத் தொகுதியின் எடையைக் கூட்டுகிறது, முடிவில் பங்கு பெறாமலே. அங்கே பிறந்த பிள்ளை பதினெட்டு வயதில் வாக்காளராகிறது. பெற்றோர் பலர் அதற்குப் பிறகே குடியுரிமை பெறுகிறார்கள். புறநகர் மாறியது வாக்குப்பெட்டியில் தெரிய இவ்வளவு காலம் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2011 வரைபடத்தைக் குடியரசுக் கட்சிதான் வரைந்தது. ஆறாம் தொகுதியிலிருந்து வடமேற்கின் செரோக்கி கவுன்ட்டி நீக்கப்பட்டு, டிகாப் கவுன்ட்டியின் வடபகுதி சேர்க்கப்பட்டது. அன்றைக்கு அது ஆபத்தில்லாத மாற்றம். 2012இல் மிட் ராம்னி இந்தத் தொகுதியில் சுமார் 23 புள்ளி முன்னணி பெற்றார். நான்கே ஆண்டில் டொனால்ட் டிரம்ப்பின் முன்னணி ஒன்றரைப் புள்ளி. அதே நாளில், அதே வாக்காளர்கள், பிரைஸுக்கு 61.7 விழுக்காடு கொடுத்தார்கள். கட்சியை விடவில்லை; வேட்பாளர் ஒருவரை விட்டார்கள். 25 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேல் பட்டதாரிகளாக உள்ள ஒரு தொகுதியில் அந்த நான்காண்டுச் சரிவு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

2017: நாடே இறங்கிய இடைத்தேர்தல்

பிரைஸ் டிரம்ப் அமைச்சரவையில் சுகாதாரத் துறைக்குப் போனார். இடைத்தேர்தலில் 18 பேர் ஒரே வாக்குச்சீட்டில் நின்றார்கள். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் ஒன்றாக. பாதியைத் தாண்டினால் வெற்றி, இல்லையேல் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று. ஜனநாயகக் கட்சி வாக்குகள் பெரும்பாலும் 30 வயது ஜான் ஆசஃப்பிடம் குவிந்தன. அவர் தொகுதிக்குச் சற்று வெளியே வசித்தார். பிரதிநிதி அந்த மாநிலத்தில் வசித்தால் போதும், தொகுதியில் வசிக்க வேண்டியதில்லை என்கிறது அரசியலமைப்பு. ஆனாலும் அது பிரச்சாரத்தில் ஓயாமல் ஒலித்தது. கால் நூற்றாண்டுக்கு முன் கிங்ரிச் மீது வீசப்பட்ட அதே குற்றச்சாட்டு.

ஏப்ரல் 18 அன்று ஆசஃப் 48.1 விழுக்காடு பெற்றார். முன்னாள் மாநிலச் செயலாளர் கேரன் ஹேண்டல் 19.8 விழுக்காட்டோடு இரண்டாவதாக வந்தார். அடுத்த இரண்டு மாதங்கள் அந்தப் புறநகர் மக்கள் அனுபவித்தது வேறெந்தத் தொகுதியும் அதுவரை அனுபவிக்காதது. கலிஃபோர்னியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் சிறு நன்கொடைகள் ஆசஃப்புக்குக் கொட்டின. குடியரசுக் கட்சியின் தேசிய அமைப்புகள் ஹேண்டலுக்காக இறங்கின. மொத்தச் செலவு 5 கோடி டாலரைத் தாண்டியது. பிரதிநிதிகள் அவைத் தேர்தல்களில் அதுவரை இல்லாத தொகை. ஜூன் 20இல் ஹேண்டல் 51.8, ஆசஃப் 48.2. வித்தியாசம் 9,000 வாக்குக்குச் சற்று அதிகம். ஜார்ஜியாவிலிருந்து குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரசுக்குத் தேர்ந்த முதல் பெண் ஹேண்டல்.

பணம் தோற்றது என்று அன்று பலர் எழுதினார்கள். ஆசஃப்பின் தொண்டர்களில் கணிசமானோர் நாற்பது, ஐம்பது வயதுப் புறநகர்ப் பெண்கள், முன்பு அரசியல் பக்கமே வராதவர்கள். தேர்தல் முடிந்தும் அவர்கள் கலையவில்லை. வாக்காளர் பட்டியல், வீதிவாரியான தொடர்பு, வீடு வீடாகப் போன அனுபவம் எல்லாம் அங்கேயே தங்கின. அந்த அறுவடையை அடுத்த ஆண்டு எடுத்தவர் லூசி மெக்பாத்.

மெக்பாத் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். 2012இல் அவருடைய 17 வயது மகன் ஜோர்டன் டேவிஸ், ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று தகராறு செய்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அதன்பின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக ஊர் ஊராகப் பேசினார். கிங்ரிச்சின் பழைய தொகுதியில், அந்தக் கோரிக்கையை முன்வைத்து ஒரு கறுப்பினத் தாய் நின்றால் வெல்வார் என்று 2018 தொடக்கத்தில் நம்பியவர்கள் குறைவு. அவர் 1,60,139 வாக்கும் ஹேண்டல் 1,56,875 வாக்கும் பெற்றார்கள். 2020இல் அதே இருவர் மோத, மெக்பாத் 54.6 விழுக்காட்டோடு வென்றார். ஜோ பைடன் தொகுதியில் 11 புள்ளி முன்னணி பெற்றார். 2012க்கும் 2020க்கும் இடையே, கோடு மாறாத ஒரே தொகுதியில், 34 புள்ளி திருப்பம். இது மக்கள் எழுதிய வரலாறு. இதில் கோடு வரைபவர்களுக்குப் பங்கில்லை. 2021 ஜனவரியில் ஆசஃப் செனட்டர் ஆனார். அதே நாளில் ஐசக்சன் வகித்த செனட் இடமும் ரஃபேல் வார்னாக் வழியாக ஜனநாயகக் கட்சிக்குப் போனது.

திருத்தி எழுதுதல்

பதில் 2021 நவம்பரில் வந்தது. குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டிப் புதிய வரைபடம் நிறைவேற்றியது. ஆண்டு முடிவதற்குள் ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்டார். ஆறாம் தொகுதியின் தென்பகுதி நறுக்கப்பட்டு அண்டைத் தொகுதிகளுக்குப் போனது. வடக்கே ஃபோர்சைத், டாசன் கவுன்ட்டிகள் முழுமையாகச் சேர்க்கப்பட்டன. பத்தாண்டு உழைப்பில் மாறிய தொகுதி ஓர் இரவில் பழைய நிறத்துக்குத் திரும்பியது. வாக்குரிமைச் சட்டப்படி 1965 முதல் ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தம் வரைபடத்துக்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013இல் ஷெல்பி கவுன்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. முன் ஒப்புதல் இல்லாமல் ஜார்ஜியா வரைந்த முதல் பத்தாண்டு வரைபடம் இது.

மெக்பாத் பக்கத்து ஏழாம் தொகுதிக்குப் போய்த் தன் கட்சியின் கேரலின் போர்டோவை உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார். ஏழாம் தொகுதியில் 2020இல் போர்டோவிடம் தோற்ற மருத்துவர் ரிச் மெக்கார்மிக், புதிய ஆறாம் தொகுதியில் எளிதாக வென்றார். ஜனநாயகக் கட்சிக்கு இரண்டாக இருந்த புறநகர் இடங்கள் ஒன்றாகின. மாநிலத் தொகுதிகளிலும் இதே வேலை நடந்தது: ஜான்ஸ் கிரீக்கில் 2020இல் வென்ற ஆசிய அமெரிக்க மருத்துவர் மிஷெல் ஆவின் மாநிலச் செனட் தொகுதி குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றி வரையப்பட்டது, அவர் கீழவைக்குப் போட்டியிட்டு மீண்டார்.

வழக்கு வந்தது. 2023 அக்டோபரில் மத்திய மாவட்ட நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் 516 பக்கத் தீர்ப்பில், 2021 வரைபடம் வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை மீறுகிறது என்றார். அட்லாண்டாவின் மேற்கே கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இன்னொரு தொகுதி வேண்டும் என்று ஆணையிட்டார். சட்டமன்றம் கீழ்ப்படிந்தது. ஃபுல்ட்டன், காப், டக்ளஸ், ஃபயெட் கவுன்ட்டிகளின் பகுதிகளைக் கொண்டு புதிய தொகுதி வரைந்து அதற்கு ஆறு என்ற எண்ணைக் கொடுத்தது. கூடவே, கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் மக்கள் சேர்ந்து வாழ்ந்த குவினெட்டின் ஏழாம் தொகுதியைக் கலைத்து, அந்த எண்ணை வடக்கே குடியரசுக் கட்சிக்கு உறுதியான நிலத்துக்கு மாற்றியது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொண்டது. வழக்குத் தொடுத்தவர்கள் ஆட்சேபித்தார்கள். நீதிபதி டிசம்பர் இறுதியில் புதிய வரைபடத்தை ஏற்றார். தீர்ப்பு மேற்கு அட்லாண்டாவின் கறுப்பின வாக்காளர்களைப் பற்றியது; பல இனங்கள் சேர்ந்த கூட்டுப் பெரும்பான்மைக்கு அந்த வழக்கில் பாதுகாப்பு கேட்கப்படவில்லை என்பது அவர் நிலை.

2024இல் மெக்பாத் ஆறாம் எண்ணுக்குத் திரும்பி வந்து ஏறக்குறைய முக்கால் பங்கு வாக்கோடு வென்றார். மெக்கார்மிக் ஏழாம் எண்ணுக்கு மாறி வென்றார். மாநிலக் கணக்கு மாறவில்லை: குடியரசுக் கட்சி 9, ஜனநாயகக் கட்சி 5. மெக்பாத்தின் இன்றைய தொகுதியில் உள்ள டக்ளஸ், ஃபயெட் பகுதிகள் 1980களில் கிங்ரிச் வைத்திருந்த ஆறாம் தொகுதியில் இருந்தவை. அன்று பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த டக்ளஸ் கவுன்ட்டியில் இன்று ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர்.

எதை மாற்ற வேண்டும்

இனத்தை அளவுகோலாக வைத்து வரைந்தால் நீதிமன்றம் தலையிடும். 1995இல் ஜார்ஜியாவின் பதினோராம் தொகுதியை அப்படித்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கட்சி ஆதாயத்துக்காக வரைந்தால் மத்திய நீதிமன்றங்கள் தலையிடா. 2019இல் ரூச்சோ வழக்கு அதை முடிவு செய்துவிட்டது. ஜார்ஜியாவில் இனமும் கட்சியும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஆகவே இனம் பார்த்து வரைந்தவரும் கட்சி பார்த்தே வரைந்தேன் என்று வாதாட முடிகிறது. ஆசியரும் லத்தீன் மக்களும் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து வாழும் புறநகர் இந்தச் சட்டத்தின் இரண்டு பெட்டிகளிலும் அடங்கவில்லை. எந்த ஒரு குழுவும் பெரும்பான்மை இல்லாத இடம்தான் இன்றைய அட்லாண்டா புறநகரின் உண்மை முகம்; அந்த முகத்துக்கு ஒரு தொகுதி கிடைக்கும்போதெல்லாம் அது கலைக்கப்படுகிறது.

1991இல் மர்ஃபி செய்ததற்கும் 2021இல் அவருடைய எதிர்க்கட்சி செய்ததற்கும் நியாயத்தில் வேறுபாடு இல்லை. திறமையில் உண்டு. மர்ஃபியின் காலத்தில் கோடு வரைந்தவர்கள் தவறாகக் கணித்துத் தோற்றார்கள். இன்று கணினி வீதிவாரியாக வாக்கைக் கணித்துவிடுகிறது. தவறும் வாய்ப்பு குறையக் குறைய, மக்கள் மனம் மாறினாலும் முடிவு மாறாத நிலை வருகிறது. கட்சி சாராத ஆணையத்திடம் இந்த வேலையைக் கொடுத்த கலிஃபோர்னியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களின் அனுபவம் குறைகளற்றது அல்ல. ஆனாலும் வெல்பவரே கோடு வரையும் முறையைவிட அது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2030 கணக்கெடுப்புக்குப் பின் ஜார்ஜியா சட்டமன்றம் மறுபடி வரைபடத்தைக் கையில் எடுக்கும். 2021இல் அதற்கான பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் கோடையிலேயே, மக்கள்தொகைப் புள்ளிவிவரம் வெளியான ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு முன்பே, நடந்து முடிந்தன. எந்த வரைபடமும் மக்கள் முன் இல்லாமல் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. ஆல்ஃபரெட்டாவிலும் ஜான்ஸ் கிரீக்கிலும் கம்மிங்கிலும் வாழும் தமிழர்கள் அடுத்த முறை அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டும். வரைபடத்தை முதலில் காட்டுங்கள், பிறகு கருத்துக் கேளுங்கள் என்று எழுந்து சொல்ல வேண்டும். உங்கள் தலையையும் எண்ணித்தான் அந்தத் தொகுதி வரையப்படுகிறது; குடியுரிமை இன்னும் வரவில்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.